நன்கொடை, குழுவில் நுழையக் கட்டணமா?

கேள்வி: நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையைத் தர வேண்டும், அல்லது பிறரிடம் திரட்டித் தர வேண்டும் என்று விதி வகுக்க இருக்கிறார்கள். எங்கள் உதவியால் படித்து முன்னேறிய ஒரு பெண்ணை அண்மையில்தான் குழுவில் சேர்த்தோம். அவரால் அது இயலாது. அவருக்கு மட்டும் விலக்கு அளித்தால் போதுமா?

பதில்: போதாது. பெருந்தொகை கொடுத்தவருக்கு எதிராக வாக்களிக்கும் வேளையில், தாம் சலுகையில் அமர்ந்திருப்பவர் என்ற எண்ணமே விலக்குப் பெற்றவரின் நாவைக் கட்டிவிடும்.

இவ்விதி அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களில் வேரூன்றியது. ‘கொடு, திரட்டு, இல்லையேல் விலகு’ என்று அங்கே வெளிப்படையாகவே சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு: குழுவினரே கொடுக்காத நிறுவனத்துக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று மானியம் தரும் அறக்கட்டளைகள் கேட்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் பார்ப்பது, உறுப்பினர் அனைவரும் கொடுத்தார்களா என்பதைத்தான். நிர்வாகக் குழுக்களுக்கு வழிகாட்டும் போர்ட்சோர்ஸ் என்ற அமெரிக்க அமைப்பும், அவரவர் வசதிக்கேற்ப, அவரவருக்குப் பொருள் உள்ள ஒரு தொகையைத் தருவதையே பரிந்துரைக்கிறது. ஆகவே எல்லோரும் கொடுக்கட்டும். தொகையை அவரவரே முடிவு செய்யட்டும். அது பொருளாளரைத் தவிர மற்ற உறுப்பினர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

‘திரட்டித் தரலாம்’ என்பது தாராளமாகத் தோன்றினாலும், வசதியுள்ளவருக்கு வசதியுள்ள நண்பர்களும், மாதச் சம்பளத்தில் வாழ்பவருக்கு அப்படியே வாழும் நண்பர்களும் இருப்பார்கள் என்பதால், அதுவும் பழைய ஏற்றத்தாழ்வையே வேறு வழியில் கொண்டுவந்து நிறுத்தும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலை நாளில் பகலில் கூட்டம் வைத்தால், மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர் அன்றைய வருமானத்தை இழந்துதான் வருகிறார்; அது எந்த நன்கொடைக் கணக்கிலும் ஏறுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறங்காவலர்களுக்குப் பொதுவாக ஊதியம் கிடையாது என்றாலும், பயணச் செலவையும், கூட்டத்துக்கு வரும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவையும் நிறுவனம் ஈடுசெய்யலாம். அவ்வாறு தருவதானால் கேட்பவருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லோருக்கும் வழக்கமாகவே தாருங்கள். மற்றவர்கள் வேண்டாம் என்னும்போது ஒருவர் மட்டும் ரசீதை நீட்டுவது எளிதன்று.

விதியை வாக்கெடுப்புக்கு விடுமுன் அந்தப் பெண்ணை மட்டும் தனியே அழைத்து ‘உங்களால் எவ்வளவு முடியும்?’ என்று கேட்காதீர்கள். கேட்பதானால், தலைவர் எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்கட்டும்.