டிஎம்டி மரபணுவில் எக்ஸான்கள் ஏன் திரும்பத் திரும்ப 45-க்கும் 55-க்கும் நடுவிலேயே காணாமல் போகின்றன?

டுஷென் தசைச் சிதைவு என்ற மரபணு நோயின் ரிப்போர்ட்டுகளில் ஏன் அதே எக்ஸான் எண்களே வருகின்றன என்றுதானே கேட்கிறீர்கள்? தசைகளைப் பாதுகாக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதத்தைத் தரும் டிஎம்டி மரபணு ரொம்பப் பெரியது, சுமார் 22 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். அதில் புரதத்துக்கான குறிப்பு உள்ள 79 எக்ஸான்கள் சேர்ந்தாலும் ஒரு சதவீதம்கூட வராது, மீதியெல்லாம் இடைவெளிதான். 44-வது எக்ஸானுக்கு அடுத்த இடைவெளி மட்டுமே ஏறக்குறைய இரண்டரை லட்சம் எழுத்து நீளம். டிஎன்ஏ அங்கே அடிக்கடி உடைந்து, தப்பாக ஒட்டிக்கொள்வதால் 45 முதல் 55 வரையிலான பகுதியில் துண்டுகள் விழுந்துவிடுகின்றன. இப்படி அடிக்கடி விழும் இன்னொரு பகுதி மரபணுவின் தொடக்கத்தில், 2 முதல் 20 வரை.

ஆனால் செல் இந்தக் குறிப்பை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும், அதனால் எத்தனை எக்ஸான் போனது என்பதைவிட மிச்சம் மூன்று மூன்றாகச் சேருகிறதா என்பதுதான் பெரும்பாலும் முக்கியம். 50-வது மட்டும் போனால் 109 எழுத்து குறையும், மூன்றால் வகுபடாது, அதற்கப்புறம் வாசிப்பே குழம்பி டிஸ்ட்ரோஃபின் உருவாகாது. 51-ம் சேர்ந்து போனால் 342, வகுபடும்! புரதம் குட்டையாகவாவது வரும், பொதுவாக டுஷெனைவிட லேசான பெக்கர் வகைத் தசைச் சிதைவாகிறது. விசித்திரம்தான், கூடுதலாக இழந்தவருக்குப் பாதிப்பு குறைவு. 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எட்டெப்லிர்சென் மருந்து, 51-ஐத் தாண்டிப் படிக்க வைப்பது இந்தக் கணக்கை நம்பித்தான்.