அப்பாவுக்கு எந்தக் கம்பெனி இம்பிளாண்ட்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்கு 63 வயது. தோட்டத்துச் செம்பனை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியாகிவிட்டது. டவுன் கிளினிக்கில் கொரியா இம்பிளாண்ட் 4,500 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். ஈப்போவில் சுவிஸ் சாமானாம், 9,000 வெள்ளி. ‘கொரியா மலிவு, நிலைக்காது’ என்கிறார் மாமா. அத்தை மகன் தாய்லாந்தின் ஹட்யாய்க்குக் கூட்டிப் போகச் சொல்கிறான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இம்பிளாண்ட் வைத்த கிளினிக் மூடிவிட்டது. இப்போது பல் ஆடுகிறது, வேறு டாக்டர்கள் தொடத் தயங்குகிறார்கள். எதை நம்பி முடிவு செய்வது?”

உங்கள் மாமாவின் சந்தேகத்துக்குப் பதில் சொல்வது சுலபம். பக்கத்து வீட்டு அக்காவின் கதையைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இம்பிளாண்ட் என்பது போன பல்லுக்குப் பதிலாகத் தாடையெலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகும், அதன் மேல் வைக்கும் பல்லும். முதலில் கொரியா. எலும்பு டைட்டானியத்தை ஏற்று அதோடு ஒட்டி வளரும் என்று கண்டுபிடித்தவர் சுவீடனின் பிரானேமார்க். 1965-இல் அவர் இம்பிளாண்ட் வைத்த முதல் நோயாளி 2006-இல் இறக்கும் வரை அதே இம்பிளாண்டுகளோடு இருந்தார். உலகப் பல் மருத்துவர்கள் இதை நம்ப ஆரம்பித்தது 1982-இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான். அதன் பின் நெடுங்காலம் சுவீடன், சுவிட்சர்லாந்து, அமெரிக்கக் கம்பெனிகள் கையில்தான் இந்தத் தொழில் இருந்தது. விலையும் அவர்கள் வைத்ததுதான்.

கொரியாவின் ஆஸ்டெம் கம்பெனி தொடங்கியது 1997-இல். டென்டியம், மெகாஜென் எல்லாம் அதே காலத்தை ஒட்டி வளர்ந்தவை. உள்நாட்டிலேயே அவர்களுக்குப் பெரிய சந்தை அமைந்தது. கொரிய அரசின் சுகாதாரக் காப்புறுதி 2014-இல் 75 வயதைக் கடந்தவர்களுக்கு இம்பிளாண்ட் செலவில் பங்கு கொடுக்க ஆரம்பித்தது. 2016-இல் அந்த வயதை 65-க்கு இறக்கியது. ஆளுக்கு இரண்டு பல் வரை. கூட்டம் கூட்டமாக நோயாளிகள் வந்தால் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் செய்து கை தேறிவிடும், விலையும் இறங்கும். அதனால்தான் மலிவு. தரம் குறைந்ததால் இல்லை. எலும்பு நன்றாகப் பிடிக்க, இம்பிளாண்டின் மேற்பரப்பை மணல் வீசிச் சொரசொரப்பாக்கி அமிலத்தில் தோய்த்தெடுக்கும் முறையைச் சுவிஸ்காரர்கள் 1990-களில் பிரபலமாக்கினார்கள். இன்று கொரியாவின் பெரிய கம்பெனிகளும் அதே வகை முறையில்தான் செய்கின்றன.

அவர்கள் பரவிய விதம் இன்னும் சுவாரஸ்யம். விளம்பரத்தை விட டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில்தான் அதிகம் இறங்கினார்கள். பயிற்சி வகுப்பில் எந்தக் கம்பெனியின் கருவிப்பெட்டியைத் தொட்டுப் பழகினோமோ, கிளினிக் திறந்ததும் அதையே வாங்குவோம். இதை ஒத்துக்கொள்ள பல் டாக்டர்களான எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆகவே “ஏன் இந்த பிராண்ட்?” என்று கேட்டு, டாக்டர் “இதில்தான் எனக்குப் பழக்கம்” என்று சொன்னால் அது மழுப்பல் இல்லை. நல்ல காரணமே.

சரி, பழைய கம்பெனிகள் சும்மா இருந்தனவா? இல்லை. சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன் கம்பெனி பிரேசிலின் நியோடென்டில் 2012-இல் 49 விழுக்காட்டையும் 2015-இல் மீதியையும் வாங்கியது. சுவீடனின் ஆஸ்ட்ரா டெக் இம்பிளாண்டை வைத்திருக்கும் அமெரிக்காவின் டென்ஸ்பிளை சிரோனா 2016-இல் இஸ்ரேலின் எம்.ஐ.எஸ். கம்பெனியை வாங்கியது. சுவீடனில் பிறந்த நோபல் பயோகேர் அதற்கு முன்னமே, 2008-இல், இஸ்ரேலின் ஆல்ஃபா பயோவை எடுத்துக்கொண்டது. அப்புறம் 2014-இல் நோபலையே அமெரிக்காவின் டானஹர் வாங்கியது. 2019-இலிருந்து அது என்விஸ்டா என்ற தனிக் கம்பெனியின் கீழ் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், பெரிய குழுமங்கள் எல்லாம் விலை கூடிய சரக்கு ஒன்று, நடுத்தர விலைச் சரக்கு ஒன்று என்று இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு கொரியாவோடு மல்லுக்கு நிற்கின்றன.

இதனால் உங்களுக்கு என்ன? ஈப்போவில் “சுவிஸ் சாமான்” என்று சொன்னார்களே, அது ஸ்ட்ராமனின் சொந்தச் சரக்கா, அதே குழுமத்தின் பிரேசில் சரக்கா என்று கேளுங்கள். பிரேசில் சரக்கு மோசம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் போய் 9,000 வெள்ளி கொடுப்பதானால், அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

பணம் எங்கே போகிறது என்பதற்கு சீனா நல்ல சாட்சி. அங்கே மருத்துவமனைகள் ஒன்று சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்யப்போவதாக அறிவித்து, கம்பெனிகளை ஏலத்தில் மோதவிட்டார்கள். 2023 ஜனவரியில் முடிவு வந்தபோது விலை சராசரி 55 விழுக்காடு சரிந்திருந்தது. ஒரு இம்பிளாண்ட் தொகுதியின் சராசரி விலை 900 யுவான் சொச்சம். அதே சமயம் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒரு பல்லுக்கான மருத்துவச் சேவைக் கட்டணத்துக்கு 4,500 யுவான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சாமானை விட வேலைக்குத்தான் பல மடங்கு காசு. ஸ்கேன், அறுவை, டாக்டரின் அனுபவம், கடை வாடகை எல்லாம் அதற்குள் அடக்கம். நம் ஊரிலும் டவுனுக்கும் ஈப்போவுக்கும் இடையிலுள்ள 4,500 வெள்ளி வித்தியாசம் முழுவதும் டைட்டானியத்தில் இருக்க வாய்ப்பே இல்லை.

ஆகவே டவுன் கிளினிக்கில் கேட்க வேண்டியது, அந்த 4,500-க்குள் மேல் பல்லும் சேர்த்தியா என்பதை. “இம்பிளாண்ட்” என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, எலும்புக்குள் போகும் திருகுக்கு மட்டும் விலை சொல்லும் இடங்கள் உண்டு. திருகையும் மேல் பல்லையும் இணைக்கும் இடைத்தண்டு, மேல் பல், ஸ்கேன், எலும்பு போதவில்லை என்றால் வைக்கும் எலும்புத்தூள், இவற்றுக்கெல்லாம் தனித்தனி பில் வந்தால் 4,500 சீக்கிரமே 7,000 ஆகிவிடும். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அக்கா. இம்பிளாண்ட் மூன்று துண்டு: எலும்புக்குள் இருக்கும் திருகு, அதன் மேல் இடைத்தண்டு, அதற்கு மேல் பல். இடைத்தண்டை உள்ளே இழுத்துப் பிடிப்பது மூக்குத்தித் திருகாணி அளவிலான ஒரு குட்டித் திருகு. பெரும்பாலும் ஆடுவது அதுதான். இதே மாதிரி ஆடும் பல்லோடு ஒரு அம்மா என்னிடம் வந்தார். வைத்தது எந்தக் கம்பெனி என்று அவருக்குத் தெரியவில்லை, கையில் ஒரு சீட்டும் இல்லை. எக்ஸ்ரே எடுத்து, கழுத்துப் பக்கத்தின் வடிவத்தையும் மரையின் இடைவெளியையும் பார்த்து, இந்தக் கம்பெனியாக இருக்கலாம் என்று குத்துமதிப்பாக ஒரு முடிவுக்கு வந்தேன். பல்லின் மேலிருந்த வெள்ளைச் சிமென்டைச் சுரண்டினால் உள்ளே டெஃப்லான் நாடா. அதை உருவினால் அடியில் திருகின் தலை. அறுகோணச் சாவியை விட்டேன், பிடிக்கவில்லை. தவறான சாவியைப் போட்டு முறுக்கினால் தலை வழுவழுப்பாகிவிடும், அப்புறம் யார் வந்தாலும் கழற்றுவது பெரும்பாடு. நட்சத்திரத் தலைச் சாவியை இன்னொரு டாக்டரிடம் இரவல் வாங்கி வந்துதான் முறுக்கினேன். முறுக்க ஐந்து நிமிடம். சாவியைத் தேடத்தான் நாலைந்து ஃபோன்.

மற்ற டாக்டர்கள் தயங்குவதற்கு இதுவே காரணம். அவர்களைக் கோபிக்க வேண்டாம். அக்காவிடம் சொல்லுங்கள்: அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். தளர்ந்த திருகின் மேல் மென்றால் அது உடைந்து உள்ளேயே நின்றுவிடலாம். பழைய கிளினிக் மூடினாலும் வைத்த டாக்டர் வேறு எங்காவது வேலை பார்ப்பார், அவரைத் தேடிப் பிடித்து கம்பெனிப் பெயரை மட்டும் கேட்டு வாங்கட்டும். ஆடுவது குட்டித் திருகு இல்லை, இம்பிளாண்டே என்றால் எலும்பு கரைந்திருக்கலாம். அது வேறு சிகிச்சை. எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

இதிலிருந்து உங்கள் அப்பாவுக்கான விடையும் வந்துவிடுகிறது. தோட்டத்தில் இத்தனை வருடமாக ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் ஓடுவது ஏன்? எந்தப் பட்டறையிலும் அதற்கு சாமான் கிடைக்கிறது. இம்பிளாண்டிலும் நாட்டின் பெயரைப் பார்க்காதீர்கள், இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை டாக்டர்கள் அதே சாமானை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கணக்கில் பெரிய கொரியக் கம்பெனியும் தேறும், பெரிய சுவிஸ் கம்பெனியும் தேறும். பெயர் கேள்விப்படாத, ஒரே ஒரு ஏஜென்ட் மட்டும் இறக்குமதி செய்யும் சரக்குதான் தேறாது.

பெரிய கம்பெனியும் ஆட்டம் காணாதா என்றால், காணும். ஆஸ்டெமில் ஒரு ஊழியர் 20,000 கோடி வொன்னுக்கு மேல் கையாடியது 2022 ஜனவரியில் வெளிவந்து, பங்குச் சந்தையில் அதன் வியாபாரத்தையே சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். 2023-இல் முதலீட்டு நிறுவனங்கள் அதை வாங்கிச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டன. கம்பெனி கைமாறியதே தவிர தொழில் நிற்கவில்லை. வாய்களில் இத்தனை இம்பிளாண்டுகள் இருக்கும்போது, யார் வாங்கினாலும் உதிரிப் பாகம் விற்பது அவர்களுக்கே லாபம்.

போலிச் சரக்குப் பயம் இருந்தால் ஒரு வழி. மருத்துவச் சாதனச் சட்டம் 2012-இன்படி இங்கே விற்கும் சாதனங்களை மருத்துவச் சாதன ஆணையத்திடம் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு இம்பிளாண்ட் டப்பாவிலும் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் வரும். கம்பெனி, அளவு, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை டாக்டர் ஃபைலில் ஒட்டுவார். இன்னொன்றைக் கேட்டு வாங்கி அப்பாவின் மருத்துவ அட்டையில் ஒட்டிவிடுங்கள், ஃபோனிலும் படம் எடுத்து வையுங்கள்.

ஹட்யாய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல டாக்டர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் கீழ்த்தாடையில் எலும்பு பிடிக்க வழக்கமாக மூன்று மாதம் விடுவோம், அதனால் ஒரு பயணத்தில் வேலை முடியாது. பின்னால் திருகு தளர்ந்தால் அதற்கும் எல்லை தாண்ட வேண்டும். ஒரே ஒரு பல்லுக்கு இது கட்டுப்படியாகாது என்பது என் கணக்கு.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: அப்பாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு) உண்டா? 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு உண்டு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும், சிகரெட்டை விடாதவருக்கும், ஈறு நோய் உள்ளவருக்கும் 9,000 வெள்ளி இம்பிளாண்டும் கழன்று வரலாம். அரசாங்கக் கிளினிக்கில் மூன்று மாதச் சராசரி காட்டும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையை முதலில் எடுத்துவிடுங்கள். ஈறு வீங்கியிருந்தால் அதைச் சரி செய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

சர்க்கரை சரியாக இருந்து, டவுன் கிளினிக் பெரிய கொரியக் கம்பெனி ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்து, மேல் பல் வரை எல்லாம் 4,500-இல் அடக்கம் என்றால் அங்கேயே வையுங்கள். வீட்டுக்குப் பக்கம், மறுபரிசோதனைக்கு அப்பா தானே மோட்டாரில் போய் வருவார். கம்பெனிப் பெயரைச் சொல்லவே தயங்கினால் ஈப்போவுக்குப் போங்கள். அங்கேயும் இதே கேள்விகள்தான்.