தென் லொம்போக் கடலோரத்தில் இடம் வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: வேலையை எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் இந்தோனேசியாவில் லொம்போக் தீவின் தென்கரையில், செலோங் பெலானாக் பக்கம் ஒரு கிராமத்தில் குடியேற நினைக்கிறீர்கள். 10 ஏர்ஸ் நிலம் விலைக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர் பெயரில் பத்திரம் ஆகாது, உள்ளூர் நண்பர் பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் தரகர். விலை ஏறுமா, அங்கே வாழ்க்கை எப்படி?

நண்பர் பெயரில் வாங்காதீர்கள். மற்றது எல்லாம் இதற்குப் பிறகுதான். 1960-ம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமையான 'ஹக் மிலிக்' இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். நேராகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவர் கைக்கு அதை மாற்றினால் அந்தப் பரிமாற்றமே செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்று 26-வது பிரிவு சொல்கிறது. கடன் பத்திரம், பவர், உயில் என்று நாலைந்து தாளைச் சேர்த்து 'பாதுகாப்பு' என்று காட்டுவார்கள். அத்தனை தாளும் ஒரே நோக்கத்துக்குத்தான் என்று நீதிமன்றத்துக்குத் தெரியாதா என்ன? நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இறந்தால் வாரிசுகளிடம் போகும், விவாகரத்து ஆனால் பங்கு கேட்பார்கள். விவசாய நிலமாக இருந்து அவர் வேறு வட்டாரத்தில் குடியிருந்தால், அவரே அதை வைத்திருப்பதில் சிக்கல் உண்டு.

சட்டப்படி உங்களுக்கு உள்ள வழிகளில் நடைமுறைக்கு உகந்தது நீண்டகாலக் குத்தகை. 'ஹக் பகாய்' என்ற பயன்பாட்டு உரிமை, செல்லுபடியாகும் தங்கும் ஆவணம் உள்ள வெளிநாட்டவருக்குக் கிடைக்கும்: 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வீட்டு விலை வைத்திருக்கிறார்கள், கிராமத்துச் சிறு வீடு அந்த விலையை எட்டாது. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் கட்டட உரிமை வாங்கலாம் என்பார்கள். அதற்கு நிலம், கட்டடம் போக 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும், தொடர்ந்து அறிக்கை தர வேண்டும். குடியிருக்க ஒரு வீட்டுக்கு இது தேவையில்லாத தலைவலி.

குத்தகை என்றாலும் காகிதத்தைத் தோண்டித்தான் ஆக வேண்டும். தென் லொம்போக்கில் விற்பனைக்கு வருபவற்றில் 'செர்திபிகாட்', அதாவது நில அலுவலகம் கொடுத்த உரிமைச் சான்றிதழ், உள்ள நிலத்தை மட்டும் பாருங்கள். ஊர்த்தலைவர் கையெழுத்திட்ட 'ஸ்போராடிக்', 'பிபில்' என்ற பழைய நிலவரிச் சீட்டு, ஆண்டு வரி ரசீது இவற்றைக் காட்டி நிலம் பேசுவார்கள். ரசீது வரி கட்டியதற்குத்தான் சான்று. ஸ்போராடிக் 'இந்த நிலம் என் அனுபவத்தில் இருக்கிறது' என்று நிலத்தை வைத்திருப்பவரே எழுதிக்கொண்டது. ஒரே நிலத்துக்கு இரண்டு பேரிடம் இருக்கலாம். செர்திபிகாட் எண்ணை நோட்டாரிஸ் (பத்திரம் எழுதிப் பதியும் சட்ட அலுவலர்) மூலம் நில அலுவலகத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அடமானம், தடை, வழக்கு எல்லாம் அங்கே தெரியும். அலுவலக அளவையாளரை வைத்து எல்லைக்கல் ஊன்றி, நான்கு பக்கத்துக்காரர்களும் நேரில் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பட்டாவில் வரும் அதே ஏர்ஸ்தான், 100 சதுர மீட்டர்; 10 ஏர்ஸ் கிட்டத்தட்ட 25 சென்ட். அளந்தால் 9-ஆக நிற்பது புதிதல்ல.

அதிகம் கெடுவது வாரிசு விஷயத்தில். நிலம் தாத்தா பெயரில் இருக்கும், பேசுபவர் பேரன். இங்கிருந்து மலேசியத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அப்படிப் போன ஓர் அண்ணன் ஊர் திரும்பி 'நான் கையெழுத்துப் போடவில்லையே' என்றால் வேலை நின்றுவிடும். மனைவி உட்பட அத்தனை வாரிசும் நோட்டாரிஸ் முன் கையெழுத்திட்ட பிறகே பணம். நிலத்துக்குப் போகும் பாதை யாருடையது, குத்தகைக்கான 10 சதவீத வருமான வரி யார் தலையில், உரிமையாளர் இறந்தாலும் நிலத்தை விற்றாலும் குத்தகை தொடருமா, நீட்டிப்பு விலையை எப்படிக் கணக்கிடுவது, மூன்றாமவருக்கு மாற்றலாமா, இவை எழுத்தில் இருக்கட்டும். 'நீட்டிப்பைப் பிறகு பேசிக்கொள்வோம்' என்று எழுதினால் நீட்டிப்பு இல்லை என்றுதான் பொருள்.

கடலுக்கு முகம் வைத்த மனை என்று ஆசைப்படாதீர்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரைப்பாதுகாப்புப் பகுதி. அதற்குள் வீட்டுக்குக் கட்டட அனுமதி எதிர்பார்க்க முடியாது. கரையை விட்டு மேட்டு நிலமாகப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. 1977 ஆகஸ்ட் 19 சும்பா நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை இந்தத் தென்கரையையும் அடித்தது. 2018 ஆகஸ்ட்டில் வட லொம்போக்கை உலுக்கிய நடுக்கத்தில் 500-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தூணும் சுற்று பீமும் இல்லாத செங்கல் சுவர்கள்தான் முதலில் சரிந்தன. மேஸ்திரியிடம் அடி பீம், தூண், மேல் பீம் மூன்றும் கம்பியால் பிணைந்திருக்க வேண்டும் என்று முன்பே பேசுங்கள். கம்பி இறங்கும்போது வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள்: 10 மி.மீ. என்று விற்பது பல நேரம் 8 சொச்சம்தான் இருக்கும், கடைக்காரரே அதை 'பெசி பஞ்சி' என்பார். தர முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கடற்கரை மணல் இலவசம் என்று கலவையில் சேர்த்தால் உப்பு கம்பியை உள்ளிருந்தே தின்னும்.

தண்ணீர்தான் இந்தக் கரையின் உண்மையான விலை. மே முதல் அக்டோபர் வரை வறட்சி. கடலுக்கு அருகே ஆழ்துளை போட்டால் முதலில் நல்ல தண்ணீர், வெயில் காலக் கடைசியில் உப்பு. நிலத்தைப் பார்க்க செப்டம்பர், அக்டோபரில் வாருங்கள், பக்கத்து வீட்டுக் கிணற்று நீரை வாயில் வைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் பச்சையாக இருக்கும்போதுதான் தரகர் காட்டுவார். லாரித் தண்ணீர் பிடிக்க 5,000 லிட்டராவது தாங்கும் தொட்டி, லாரி ஏறும் அளவு பாதை இரண்டும் வேண்டும்.

மின்சாரம் முன்பணம் கட்டும் மீட்டர். கடையில் 20 இலக்க எண் வாங்கி அழுத்த வேண்டும், தீரப்போகும்போது விட்டுவிட்டுக் கத்தும். கிராமத்து வீடுகளில் 450 அல்லது 900 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், இணைப்பு தாங்கும் மின்சுமை) இணைப்பு இருக்கும். 900 என்றால் 4 ஆம்பியர்: ஒரு டன்னுக்குக் குறைவான ஏசி ஓடும்போது மோட்டார் பம்பும் ஓடத் தொடங்கினால் மீட்டர் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். 2,200 வி.ஏ. கேளுங்கள்.

விசா: வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கான இ33ஜி ஓராண்டு அனுமதிக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் வருமானம் காட்ட வேண்டும். விமான நிலைய விசாவில் 30 நாளும் ஒரு நீட்டிப்பும் மட்டுமே கிடைக்கும். காலம் கடந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம் ரூப்பியா அபராதம். 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் இருந்தால் வரிக் கணக்கு இங்கேயும் திறக்கும். இருசக்கர வாகனத்துக்குச் செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டினால் விபத்தில் காப்பீடு கைவிரிக்கும். பெரிய மருத்துவமனை மாகாணத் தலைநகர் மாத்தராமில்தான்.

ஊர், லொம்போக்கின் பூர்வகுடிகளான சாசாக் முஸ்லிம்களின் ஊர். போய் இறங்கியதும் 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட் நகலோடு குக்கிராமத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். சட்டத்துக்காக மட்டுமல்ல, பிறகு எந்தத் தகராறுக்கும் முதல் வாசல் அவர்தான். நோன்பு மாதத்தில் பகலில் உணவுக்கடை மூடியிருக்கும். கல்யாண ஊர்வலம் சாலையை அடைத்தால் வண்டியை அணைத்துவிட்டு நில்லுங்கள், ஹாரன் வேண்டாம். சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை: முருங்கைக்கீரை வேலியில் நிற்கும், புளி, தேங்காய், மல்லி, பச்சைப்பயறு சந்தையில் உண்டு. துவரம்பருப்பும் உளுந்தும் இணையத்தில் வரவழைக்க வேண்டும். சைவம் என்றால் 'தெராசி' வேண்டாம் என்று சொல்லுங்கள். கீரைச் சட்னி என்று நம்பிச் சாப்பிடுவதில் இறால் விழுது இருக்கும்.

விலை ஏறுமா என்றீர்கள். இதே தென்கரையில் மந்தாலிகா மோட்டார் பந்தயத்தடம் வந்த பிறகு கேட்கும் விலை ஏறியிருக்கிறது. கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. அதோடு ஏறுவது நிலத்துக்காரரின் நிலம். உங்களிடம் இருப்பது குத்தகை; 25 ஆண்டுக்கு எடுத்திருந்தால், 8 ஆண்டு கழிந்ததும் 17 ஆண்டைத்தான் விற்க முடியும். நாள் வாடகைக்கு விட்டு ஈடுகட்டலாம் என்பதும் நடக்காது. வீட்டில் விருந்தினர் தங்கும் உரிமம் உள்ளூர்க் குடிமக்களுக்கானது. ஆகவே இதை முதலீடாகக் கணக்குப் போடாமல் முன்கூட்டியே கட்டிய வாடகையாகப் போட்டுப் பாருங்கள். மொத்தத் தொகையை மாதங்களால் வகுத்து, அதே ஊரில் கட்டிய வீட்டின் ஆண்டு வாடகையோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வாடகை வீடே குறைவு. முதல் ஓராண்டு அப்படியே இருங்கள், ஒரு வெயில் காலமும் ஒரு மழைக்காலமும் முழுதாக. தரகர் 'நாளைக்கே போய்விடும்' என்பார். போகட்டும்.