14 கார்ட் தெரியும், ஒரு பாட்டும் வரவில்லை

கேள்வி: மாஸ்டர், நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வயது 29. ஐந்து மாதத்துக்கு முன்னால் பழைய கிடார் ஒன்று வாங்கி, வீடியோ பார்த்து 14 கார்ட் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் பிடிப்பு) கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு பாட்டைக்கூட முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க முடியவில்லை. கார்ட் மாற்றும்போது நின்றுவிடுகிறேன். விரலும் ரொம்ப வலிக்கிறது. என் அக்கா வெள்ளிக்கிழமை கோயில் பஜனையில் பாடுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டாவது வாசிக்க ஆசை. ஈப்போவுக்குப் போய் வகுப்பில் சேர வேண்டுமா? இல்லை, வேறு கிடார் வாங்க வேண்டுமா?

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பிறகு வருகிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "கார்ட் மாற்றும்போது நின்றுவிடுகிறேன்" என்று, ஐந்து மாதச் சிரமமும் அதற்குள்தான் இருக்கிறது. 14 கார்ட் இப்போதைக்குத் தேவைக்கு மேல். நான்கு போதும். நிற்காமல் போவது எப்படி என்றுதான் யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

தனியாகக் கற்றுக்கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. ஜி என்ற கார்டைப் பிடிக்கிறோம், நன்றாக ஒலிக்கிறது. அடுத்து சி. விரல் இடம் தேடுகிறது, அதுவரை வலது கை காத்திருக்கிறது. விரல் எல்லாம் உட்கார்ந்த பிறகே அடுத்த ஸ்ட்ரம், அதாவது வலது கையின் அடி. இதை ஆயிரம் தடவை செய்தால், கார்ட் மாறும் இடத்தில் நிற்பதைத்தான் ஆயிரம் தடவை பழகியிருப்போம். பஜனையில் உங்கள் விரல் சியைத் தேடி முடிக்கட்டும் என்று அக்கா பாட்டைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்க முடியாது.

தோட்டத்துத் திருவிழாவில் உருமி மேளம் அடிக்கும் பையன்களைக் கவனித்துப் பாருங்கள். ஒருவனுக்கு ஓர் அடி தப்பும். அதற்காக அவன் நிற்க மாட்டான், அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொள்வான். கேட்கிற நமக்குத் தப்பு நடந்ததே தெரியாது. கிடாரிலும் அப்படித்தான். இடது கை தப்பலாம், தாமதமாக வரலாம். வலது கை நிற்கவே கூடாது.

இதற்கான பயிற்சி எளிது. இடது உள்ளங்கையைக் கம்பிகள் மேல் லேசாக வையுங்கள். கம்பி ஒலிக்காமல் "டப் டப்" என்று மட்டும் கேட்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு, எண்ணுக்கு ஓர் அடியாக மேலிருந்து கீழே அடியுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிறகு இடது கையில் ஜி பிடித்து மூன்று அடி, டி பிடித்து மூன்று அடி. மாறும் நேரம் வந்தால், இடது கை போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, வலது கை அடித்துவிட வேண்டும். முதல் வாரம் அரைகுறையாகத்தான் ஒலிக்கும். ஒலிக்கட்டும். நேரம் தவறினால் பாட்டு போய்விடும் என்று தெரிந்தால் விரல் தானாக வேகம் பிடிக்கும். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூன்றாவது வாரத்துக்குள் இந்தத் தடை விலகியிருக்கிறது.

சரி, விரல் வலி. இங்கே உங்கள் கிடாரைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். மூன்று மெல்லிய கம்பிகளும் பிளாஸ்டிக் தூண்டில் நரம்பு போல இருந்தால் அது நைலான் கிடார். எல்லாமே உலோகமாக இருந்தால் ஸ்டீல் கம்பிக் கிடார். கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃபிரெட். பள்ளிப் பிள்ளைகளின் ரூலரை எடுத்து, 12வது ஃபிரெட்டுக்கும் தடித்த கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஸ்டீல் கிடாரில் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. நைலானில் நான்கு இருந்தாலும் சகஜம். உங்களுடையது ஸ்டீலாக இருந்து, இடைவெளி நான்கைத் தாண்டினால் வலிக்கு நீங்கள் காரணம் இல்லை. பல வருடம் வாசித்தவருக்கே அந்தக் கிடார் வலிக்கும். கீழே கம்பிகள் ஏறிப் போகும் வெள்ளைப் பட்டையைத் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம். கிடார் பழுது பார்க்கிறவருக்கு அது சின்ன வேலை. கூடவே, முதல் கம்பி 0.010 அங்குலம் இருக்கும் மெல்லிய செட்டாகப் போடச் சொல்லுங்கள். விரலுக்கு உடனே வித்தியாசம் தெரியும்.

நைலான் கிடாராக இருந்தால் ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். ஸ்டீல் கம்பி சத்தமாக ஒலிக்கும் என்று யாராவது சொன்னாலும் அதில் மாட்டக் கூடாது. என்னுடைய முதல் கிடார் அப்படித்தான் போனது. கம்பி அறுந்து கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் யோசிக்காமல் ஸ்டீல் செட் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். மூன்று மாதத்தில், ஒரு மத்தியான நேரம், கம்பிகளைக் கட்டியிருந்த பிரிட்ஜ் பலகையோடு பிய்த்துக்கொண்டு வந்தது. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. ஸ்டீல் கம்பிகள் 70 கிலோவுக்குப் பக்கத்தில் இழுக்கும். அதைத் தாங்க அந்தப் பலகை செய்யப்படவில்லை. அப்பாவின் சம்பளத்தில் வாங்கியது, இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அழுத்தும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் அதிக பலம் வேண்டும், கம்பியும் "ஜர்" என்று இரையும். ஃபிரெட்டை ஒட்டி, அதன் மேல் ஏறாமல் அழுத்தினால் பாதி பலம் போதும்.

இப்போது அந்த நான்கு கார்ட். இதைக் கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். மெல்லிய கம்பி முதலாவது, தடித்தது ஆறாவது. மோதிர விரலை இரண்டாவது கம்பியின் 3வது ஃபிரெட்டிலும், சுண்டு விரலை முதல் கம்பியின் 3வது ஃபிரெட்டிலும் வையுங்கள். இந்த இரண்டு விரலையும் நட்டு வைத்த மாதிரி அப்படியே விட்டுவிடுங்கள். நடுவிரல் ஆறாவது கம்பியின் 3வது ஃபிரெட், ஆள்காட்டி ஐந்தாவது கம்பியின் 2வது ஃபிரெட். இது ஜி. இனி நடுவிரலையும் ஆள்காட்டியையும் மட்டும் ஆளுக்கு ஒரு கம்பி கீழே தள்ளுங்கள்: நடுவிரல் ஐந்தாவதின் 3வது, ஆள்காட்டி நான்காவதின் 2வது. இது சி. வழக்கமான சியில் ஒரு ஸ்வரம் கூடுதலாகச் சேர்ந்தது, பாட்டுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஆறாவது கம்பியை மட்டும் தொடாமல் அடியுங்கள். திரும்ப ஜிக்கு வந்து, ஆள்காட்டியை எடுக்காமல் நடுவிரலை மட்டும் நான்காவது கம்பியின் 2வது ஃபிரெட்டுக்குக் கொண்டுவந்தால் ஈ மைனர், இதிலும் ஒரு ஸ்வரம் கூடுதல். டிக்கு மோதிர விரல் மட்டும் தங்கும், சுண்டு விரல் எழும்பும். ஆள்காட்டி மூன்றாவதின் 2வது, நடுவிரல் முதல் கம்பியின் 2வது. கீழ் நான்கு கம்பியை மட்டும் அடியுங்கள்.

பார்த்தீர்களா, நான்கு கார்டிலும் மோதிர விரல் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. நீங்கள் வீடியோவில் கற்ற முறையில் ஜியிலிருந்து சிக்குப் போக எல்லா விரலையும் தூக்கி, காற்றில் தேடி, திரும்ப இறக்க வேண்டும். நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் பாட்டாகச் சினிமாப் பாட்டை எடுக்காதீர்கள். அதிலும் இளையராஜா பாட்டை இப்போது வேண்டாம். கேட்க எளிதாக இருக்கும், உள்ளே கார்ட் மாறிக்கொண்டே போகும். நான் எல்லாருக்கும் முதலில் சொல்லித்தருவது பிறந்தநாள் பாட்டு. சின்னப் பிள்ளைப் பாட்டு என்று நினைக்காதீர்கள். அரை நிமிடத்தில் முடியும், மூன்றே கார்ட், வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முக்கியமாக, பத்துப் பேர் கேக்கைச் சுற்றி நின்று பாடும்போது உங்களுக்காக யாரும் நிற்க மாட்டார்கள்.

அது மூன்று எண்ணிக்கைப் பாட்டு, "தகிட தகிட". மூன்று அடி ஒரு சுற்று, மொத்தம் எட்டுச் சுற்று. முதல் இரண்டு அசை வாய்ப்பாட்டாகப் போகும், மூன்றாவது அசையில் உங்கள் முதல் அடி விழ வேண்டும். முதல் சுற்று ஜி, இரண்டாவதும் மூன்றாவதும் டி, நான்காவதும் ஐந்தாவதும் ஜி. பெயர் சொல்லும் ஆறாவது சுற்றில் சி. ஏழாவதில் ஜியில் இரண்டு அடி, டியில் ஒன்று. எட்டாவது ஜி, முடிந்தது. கஷ்டமான இடம் அந்த ஏழாவது சுற்றுதான். அது கைவரும்வரை மூன்று அடியையும் டியிலேயே அடித்தாலும் ஒப்பேறிவிடும். நிமிடத்துக்கு 60 அடி என்று வைத்தால் அதில் 20 சுற்று. ஆகவே ஒரு நிமிடத்தில் 20 தடவை கார்ட் மாற்ற முடிந்தால் இந்தப் பாட்டு உங்களுக்கு வந்துவிடும். கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும்.

அடுத்து அக்காவின் பஜனை. நீங்கள் நினைப்பதைவிட இது சுலபம். நாமாவளியில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், ஒரு தடவை தவறவிட்டால் அடுத்த தடவை பிடித்துக்கொள்ளலாம். முதலில் அக்காவிடம் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று கேளுங்கள். கட்டைக் கணக்கும் கிடார் கணக்கும் ஒன்றுதான்: 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. 5 கட்டை என்றால் உங்கள் ஜி அப்படியே அவருடைய ஸட்ஜமம், அதாவது ஸ. ஐந்தரை என்றால் கேப்போவை, அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்பை, முதல் ஃபிரெட்டில் மாட்டுங்கள். 6 என்றால் இரண்டாவதில். விரல் பிடிப்பு எதுவும் மாறாது, சுருதி மட்டும் ஏறும். கேப்போ விலை அதிகம் இல்லை, கட்டாயம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாப் பஜனைக்கும் கார்ட் ஒத்துவராது. சில ராகங்களில் நீங்கள் ஜி, சி போன்ற மேஜர் கார்ட் அடித்தால் பாட்டின் முகமே மாறிப்போகும். அந்த மாதிரி இடத்தில் நான் செய்வது இது: ஜி பிடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துவிட்டு, நடுவிரலைக் கொஞ்சம் சாய்த்து ஐந்தாவது கம்பியைத் தொட்டு அடக்குவேன். மிச்சம் ஒலிக்கும் ஐந்து கம்பியிலும் ஸவும் பவும் தவிர வேறு ஸ்வரமே இல்லை. தம்புரா மாதிரி பெரும்பாலான ராகங்களுக்குத் துணை நிற்கும். ஒரு தாளத்துக்கு ஓர் அடி போதும், மிருதங்கமோ தபேலாவோ மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஆர்மோனியம் இருந்தால் சுருதி சேர்க்கும் செயலியை நம்பாமல் அதைக் கேட்டு உங்கள் கம்பியைச் சேருங்கள். பழைய ஆர்மோனியத்தின் சுருதி கொஞ்சம் விலகியிருக்கலாம், அதை அங்கே உட்கார்ந்து மாற்ற முடியாது. உங்கள் கம்பியை மாற்றலாம்.

பயிற்சி நேரத்துக்கு ஷிஃப்ட்டைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. தினம் 15 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்காரும் மூன்று மணி நேரத்தைவிட மேல். விரல் நுனி காய்த்துப்போகவும் இந்தத் தினசரி அழுத்தம்தான் வேண்டும், மூன்று நான்கு வாரத்தில் வலி குறையும். குளித்துவிட்டு, கையை நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கும் வியர்வைக்கும் ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து வையுங்கள். காரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், வெயிலில் பசை இளகும். சாயங்கால மழை தகரக் கூரையில் விழும்போது கிடார் காதில் கேட்காது. அந்த நேரத்தை வலது கைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கை மட்டும் போதும்.

இனி உங்கள் இரண்டு கேள்வி. வேறு கிடார் இப்போது வேண்டாம், ரூலர் கணக்கைப் பார்த்து, தேவையானால் இதையே சரிசெய்யுங்கள். கழுத்துப் பலகை வளைந்து போயிருக்கிறது என்று பழுது பார்ப்பவர் சொன்னால் மட்டும் வேறு யோசிக்கலாம். ஈப்போ வகுப்புக்கு மாதா மாதம் பணம் கட்டவும் அவசரம் இல்லை. ஆனால் நான்கைந்து வாரம் இதைப் பழகிய பிறகு, நல்ல ஆசிரியர் ஒருவரிடம் ஒரே ஒரு நாள் போய், பிறந்தநாள் பாட்டை அவர் முன்னால் முழுதாக வாசித்துக் காட்டுங்கள். உங்கள் மணிக்கட்டு எங்கே மடங்குகிறது, தோள் ஏன் தூக்கியிருக்கிறது என்பதை எந்த வீடியோவும் பார்த்துச் சொல்லாது. அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அதுவரை வெள்ளிக்கிழமைகளில் கிடார் இல்லாமலே அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தொடையில் வலது கையால் தாளம் போட்டுக்கொண்டிருங்கள். அக்கா எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த வரியை இழுத்துப் பாடுகிறார் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.