கோ நிரல்மொழியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பயனர் தரும் பெயரை ஸ்பிரின்ட்எஃப் (சரத்துக்குள் மதிப்பை ஒட்டும் கோ செயல்பாடு) வைத்து குவெரியில் (தரவுத்தளத்துக்கான கட்டளை) சேர்க்கிறேன். ஒற்றை மேற்கோள்களை நீக்கிவிடுகிறேன். போதும்தானே?

போதாது. குவெரியில் மதிப்பு வரும் இடத்தில் $1 என்ற குறியைப் போட்டு, பெயரைத் தனியாக அனுப்புங்கள்.

கேள்வி: எனக்கு வருவது எண் மட்டும்தான். அதற்குமா?

அதற்கும்.

கேள்வி: சார், எல்லாம் டிரான்சாக்ஷனுக்குள்தான் (முழுதாக நடக்கும், இல்லை எதுவுமே நடக்காது என்ற கட்டளைத் தொகுப்பு) நடக்கிறது. இருந்தும் வாலட் இருப்பு மைனஸில் போகிறதே?

இருப்பு போதுமா என்று செலக்டில் பார்த்துவிட்டு, அப்புறம் அப்டேட்டில் கழிக்கிறீர்கள், அதனால்தான். 500 ரூபாய் இருக்கிறது. 400 கேட்டு இரண்டு ரிக்வெஸ்ட் ஒன்றாக வருகின்றன. இரண்டும் 500 என்றே படிக்கும், இரண்டும் கழிக்கும். மிச்சம் மைனஸ் 300. போஸ்ட்கிரெஸின் வழக்கமான ரீட் கமிட்டட் (கமிட் ஆனதை மட்டும் படிக்கும்) நிலை இதைத் தடுக்காது. 'இருப்பு >= 400' என்ற நிபந்தனையை அப்டேட்டின் வேர் (WHERE) பகுதியிலேயே வையுங்கள். இரண்டாவது அப்டேட் முதலாவது முடியும்வரை காத்திருந்து, புது இருப்பைப் பார்த்து, எந்த வரிசையையும் தொடாமல் திரும்பும். ரோஸ்அஃபெக்டட் (மாறிய வரிசைகளின் எண்ணிக்கை) 0 என்றால் பணம் போதவில்லை. இன்னொன்று: டிரான்சாக்ஷனுக்குள் டிஎக்ஸ்.எக்ஸெக்தான். டிபி.எக்ஸெக் எழுதினால் அது வேறு கனெக்‌ஷனில், டிரான்சாக்ஷனுக்கு வெளியே ஓடும்.

கேள்வி: செலக்ட் ஃபார் அப்டேட் (படிக்கும்போதே வரிசையைப் பூட்டுவது) போட்டால் முடிந்தது. இவ்வளவு சுற்று எதற்கு?

வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பூட்டு கமிட் (டிரான்சாக்ஷனை முடித்து உறுதி செய்வது) வரை பிடித்திருக்கும். நடுவில் பேமெண்ட் கேட்வேயை அழைத்து வைப்பார்கள். அது இழுத்தால் அந்த வாலட்டுக்கு வரும் மற்றவை எல்லாம் கனெக்‌ஷனைப் பிடித்தபடி வரிசையில் நிற்கும்.

கேள்வி: கேட்வேயை வெளியே வைப்பேன். இப்போது?

அப்படியானால் தாராளமாக. ஆனால் ஐடி 7 வாலட்டிலிருந்து 9-க்கும், 9-லிருந்து 7-க்கும் ஒரே நேரத்தில் பணம் போனால் டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நிற்பது). என் முறையிலும் இது உண்டு, சண்டைக்கு வராதீர்கள். எப்போதும் சின்ன ஐடியை முதலில் தொடுங்கள்.

கேள்வி: 'டூ மெனி கிளையன்ட்ஸ்' என்று பிழை வருகிறது.

போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 கனெக்‌ஷன்தான் தரும். கோ பக்கம் இயல்பாக வரம்பே இல்லை. செட்மேக்ஸ்ஓப்பன்கான்ஸ் மூலம் வரம்பு வையுங்கள். ரிக்வெஸ்டுக்கு ஒரு எஸ்க்யூஎல்.ஓப்பன் போடுகிறீர்களா? நிரலுக்கு ஒன்று போதும். ரோஸ்.குளோஸ் (படித்த முடிவுகளை மூடுவது) விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: மாங்கோடிபி என்ற வேறு தரவுத்தளத்தில் இதெல்லாம் எப்படி?

அந்தப் பக்கம் நான் போனதில்லை. தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆர்டர் பையில் (வரிசைப்படுத்தும் பகுதி) $1 வேலை செய்யவில்லை. அங்கே மட்டும் ஸ்பிரின்ட்எஃப் போடலாமா?

மறுபடியும் ஸ்பிரின்ட்எஃப்! $1 மதிப்புக்கு மட்டும். நெடுவரிசைப் பெயருக்கு ஆகாது. அனுமதித்த பெயர்களை ஒரு மேப்பில் வைத்து, அதில் இருப்பதை மட்டும் குவெரியில் சேருங்கள். பயனர் அனுப்பிய சரத்தை அப்படியே ஒட்டக்கூடாது.

கேள்வி: அட்மின் பக்கம் மட்டும்தானே, அங்கே ஒட்டினால்?

மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.