இரவு எட்டு மணிக்கு மேல் ரோவர் ஃபிக்ஸ் ஆகவில்லை: சூரியப் புயல்தான் காரணமா?

கேள்வி: திருநெல்வேலி அருகே சாலைப் பணிக்கு இரவில் அளவெடுக்கிறோம். செப்டம்பர், அக்டோபரில் எட்டு மணிக்கு மேல் டிஜிபிஎஸ் ரோவர் (செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தை அளக்கும் கருவி) ஃபிக்ஸ் ஆகாமல், அதாவது சென்டிமீட்டர் துல்லியத்துக்கு வராமல், ஃப்ளோட் என்ற தோராய நிலையிலேயே நிற்கிறது. சூரியப் புயலா? சூரியனைக் கவனிக்கும் ஆதித்யா எல்1 போன்ற செயற்கைக்கோள்களை வைத்து முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: நீங்கள் சொன்ன நேரமும் மாதமும்தான் துப்பு. சூரியப் புயல் மணி பார்த்து வராது. இந்த மாதங்களில் பொழுது சாய்ந்தபின் மட்டும் வருகிற இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம், நம் தலைக்கு மேலேயே உருவாகும் பிளாஸ்மா குமிழிகள், அதாவது மின்னேற்றத் துகள்கள் குறைந்துபோன பகுதிகள்.

திருநெல்வேலி, பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதும் இதனால்தான். சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் (மின்னேற்றத் துகள்கள் நிறைந்த உயர் வளிமண்டலம்) அடிப்பகுதி சட்டென்று மெலிந்துவிடும்; மேலே அடர்த்தி அப்படியே நிற்கும். எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் மேலே கிளம்பி வருமே, அதுபோல அடியிலிருந்து குமிழிகள் கிளம்பும். அவற்றைத் துளைத்து வரும் சிக்னல், நட்சத்திரம் போல மினுங்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ரோவர் திரையில் சிக்னல் பட்டைகளைப் பாருங்கள். ஒருசில செயற்கைக்கோள்களின் பட்டை மட்டும் 45இலிருந்து 30க்கு (டெசிபல்-ஹெர்ட்ஸ்) விழுந்து, மறுபடி ஏறினால் குமிழி என்று சந்தேகிக்கலாம். எல்லாம் ஒன்றாகச் சரிந்தால் முதலில் ஆன்டெனா கேபிளைப் பாருங்கள்.

சரி, செயற்கைக்கோள் எச்சரிக்கை? ஆதித்யா நிற்கும் எல்1 புள்ளி, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கிறது. நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வரும் சூரியக் காற்று அங்கிருந்து நம்மை எட்ட ஒரு மணி நேரம் ஆகும், 800 கி.மீ. வேகம் என்றால் அரை மணி. அவ்வளவுதான் அவகாசம். அமெரிக்காவின் நோவா விண்வெளி வானிலை மையத்தின் இணையப் பக்கத்தில் 'பி-இசட்' (Bz) கோட்டைக் கவனியுங்கள்; சூரியக் காற்றின் காந்தப்புலம் வடக்கே திரும்பியிருக்கிறதா தெற்கேயா என்று அது காட்டும். அது மைனஸ் 10 நானோடெஸ்லாவுக்குக் கீழே சில மணி நேரம் கிடந்தால் புயலை எதிர்பார்க்கலாம். 2024 மே மாதப் பெரும் புயலில் அமெரிக்க விவசாயிகளின் ஜிபிஎஸ் டிராக்டர்களே தடுமாறின. ஆனால் உங்கள் ஊர்க் குமிழியை எல்1 காட்டாது.

அதனால் மற்ற அளவுகளுக்கு ஆதாரமான கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். ரோவருக்குத் திருத்தம் அனுப்பும் பேஸ் ஸ்டேஷனைப் பக்கத்தில் வையுங்கள். எல்லா நாட்டுச் செயற்கைக்கோள்களையும் ஆன் செய்யுங்கள். நள்ளிரவுக்குப் பின் குமிழித் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும். ஃப்ளோட்டில் எடுத்த புள்ளி எதையும் வரைபடத்தில் ஏற்றாதீர்கள். மறுநாள் காலை போய்த் திரும்ப எடுங்கள்.