சிப் தூங்குகிறது, போர்டு தூங்கவில்லை

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் மண் ஈரம் பார்க்க ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப் உள்ள போர்டு வைத்திருக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை விழித்து, அளந்து, வைஃபையில் அனுப்பிவிட்டு ‘டீப் ஸ்லீப்’ என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகிறது. 9900 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் ஹவர், கொள்ளளவு) என்று போட்ட 18650 என்ற உருளை லித்தியம் செல்லும், அதை 5 வோல்ட் ஆக்கும் பூஸ்ட் போர்டும் மாட்டியிருக்கிறது. தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கும், வருடக்கணக்கில் வரும் என்று செய்துகொடுத்த புராஜெக்ட் சென்டரில் சொன்னார்கள். நான்காம் நாளே தீர்ந்துவிடுகிறது. புரோகிராமில் தவறா? பிறகு மோட்டாரையும் இதிலேயே போனில் போடலாமா?

பதில்: உங்கள் புரோகிராம் தூங்கத்தான் வைக்கிறது. ராத்திரி தோப்புக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். போர்டின் ஓரத்தில் சிவப்பு எல்இடி எரிந்துகொண்டிருக்கும். சிப் தூங்கினாலும் அந்த விளக்கு அணையாது. அணைக்கச் சொல்லி யாரும் அதற்கு வயர் போடவில்லை.

10 மைக்ரோ ஆம்பியர் என்பது சிப்புக்கு மட்டும் உள்ள கணக்கு. நீங்கள் வாங்கியது போர்டு. அதில் 3.3 வோல்ட் கொடுக்க ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் இருக்கும். சும்மா இருக்கும்போதே அது 5 மில்லி ஆம்பியர், அதாவது 5000 மைக்ரோ ஆம்பியர் அளவுக்குத் தின்னும். சிப் கேட்பதைப்போல் 500 மடங்கு! யூஎஸ்பி சிப்புக்கும் எல்இடிக்கும் தனிப் பங்கு உண்டு. மண் ஈர சென்சாருக்கு எப்போதும் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் அதுவும் ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர். எல்லாம் சேர்ந்து பத்தைத் தாண்டும். செல்லின் 3.7 வோல்ட்டை 5 ஆக உயர்த்துவதால் செல்லிலிருந்து 15 வரை போகும். ஒரு நாளைக்கு 360 எம்ஏஹெச்.

இப்போது அந்த 9900-க்கு வருகிறேன். இதே விரயத்தில்கூட அது உண்மையான 9900 என்றால் நான்கு வாரம் ஓடியிருக்க வேண்டும். நான்கே நாளில் தீர்ந்தால் உள்ளே இருந்தது 1500-ஐ ஒட்டித்தான். நல்ல நிறுவனங்களின் 18650 செல்லே 3500 சுற்றுவட்டத்தில் நின்றுவிடும். 5000, 9900 என்று உறையில் போட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். நல்ல செல் 45 கிராம் சுமாருக்கு இருக்கும். மளிகைக் கடை டிஜிட்டல் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். என்னிடம் பழுதுக்கு வந்த ஒன்று 28 கிராம்தான் இருந்தது. நம் நாட்டில் இந்தச் செல்களுக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம், ஐஎஸ் 16046 என்ற தர எண் வேண்டும். விதி காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. கடைத்தெருவில் வந்து செல்லை எடுத்துப் பார்ப்பவர் யார்? ஏமாறுவதெல்லாம் உங்களைப் போன்ற விவசாயியும் கல்லூரிப் பிள்ளைகளும்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் புரோகிராமை எடுத்துப்போட்டு ஆயிரக்கணக்கில் வாங்கும் சென்டர்கள், மீட்டரை ஒருமுறை மில்லி ஆம்பியரில் வைத்துப் பார்த்திருந்தால் உங்களுக்கு இந்த நிலை வந்திருக்காது. அடுத்த முறை பணம் கொடுக்குமுன், “தூங்கும்போது போர்டு எவ்வளவு இழுக்கிறது, மீட்டரில் காட்டுங்கள்” என்று கேளுங்கள். காட்டவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

என்ன செய்யலாம்? மேசையில் கற்றுக்கொள்ளத்தான் அந்த போர்டு. தோப்புக்கு ரெகுலேட்டர், யூஎஸ்பி, எல்இடி எதுவும் இல்லாத வெறும் ஈஎஸ்பி32 மாட்யூலை வாங்கி, 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லை நேராகக் கொடுங்கள். ரெகுலேட்டரும் வேண்டாம், பூஸ்ட் போர்டும் வேண்டாம். வைஃபை தொடங்கும் நொடியில் திடீரென்று இழுக்கும் என்பதால் பக்கத்திலேயே 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். இந்தச் செல்லுக்கு அதற்கென்று உள்ள சார்ஜர்தான் வேண்டும். கடையில் எடுத்துக் கொடுக்கும் டிபி4056 போர்டு 4.2 வோல்ட் வரை ஏற்றும். அது ஆகவே ஆகாது. சார்ஜரிலிருந்து எடுத்ததும் மாட்டாமல், மீட்டரில் 3.5-க்குக் கீழே இறங்கியதைப் பார்த்து மாட்டுங்கள். சிப்பின் உச்ச வரம்பு 3.6.

சென்சாரின் பிளஸ் வயரை சிப்பின் ஒரு பின்னில் (இணைப்புக் கால்) மாட்டி, அளக்கும் நேரத்துக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள்.

புரோகிராமில் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். வைஃபை கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே இரு என்று எழுதியிருக்கும். இணையத்தில் கிடைக்கும் பல சாம்பிள் புரோகிராம்களில் அப்படித்தான் இருக்கிறது. வீட்டில் கரண்ட் போய் ரௌட்டர் அணைந்தால், தோப்பில் சிப் தூங்காமல் தேடிக்கொண்டே இருக்கும். அப்போது 100 மில்லி ஆம்பியருக்கு மேல் போகும். நல்ல செல்லும் ஒரே நாளில் காலி. பத்து நொடி பார், கிடைக்காவிட்டால் தூங்கு என்று மாற்றச் சொல்லுங்கள். இதெல்லாம் சரியானால் நாளைக்கு 48 முறை விழித்து, ஒவ்வொரு முறையும் நான்கு நொடி வேலை செய்தாலும் 7 எம்ஏஹெச்சுக்குள் முடியும். உண்மையான 1500 எம்ஏஹெச் செல் ஐந்தாறு மாதம் வரும்.

மோட்டார் விஷயம் அப்படியல்ல. நான் சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. டீப் ஸ்லீப்பில் வைஃபையே அணைந்திருக்கும். நீங்கள் போனில் எத்தனை முறை அழுத்தினாலும் அதற்குக் கேட்காது; அதுவாக விழிக்கும்வரை அரை மணி காத்திருக்க வேண்டும். போட்ட பிறகு மறுபடி தூங்கப்போனால் பின்கள் நிலையை இழந்து, மோட்டாரைப் போடும் சுவிட்சான ரிலே விழும். பின்னைப் பிடித்துவைக்க வழி உண்டு என்றாலும், நிறுத்தச் சொல்லும்போதும் அதே காத்திருப்புதான். லேசான தூக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். வைஃபையைப் பிடித்துக்கொண்டே அப்படித் தூங்கினால் சில மில்லி ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும், பழைய கதைக்கே திரும்புவீர்கள். யோசித்துப் பாருங்கள்: மும்முனை கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டார் எப்படியும் ஓடாது. அப்படியானால் கட்டளை வாங்கும் கருவிக்கு பேட்டரி எதற்கு, தூக்கம் எதற்கு? மோட்டார் ரூமில் கரண்டிலேயே ஓடும் தனி போர்டு வையுங்கள். அங்கே உங்கள் பழைய போர்டே போதும், சிவப்பு விளக்கு எரிந்தால் எரியட்டும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வயர் இழுக்கும் வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.